பன்னிரண்டு பேர் பார்த்தார்கள்

“கழுத்தை மூடுற மாதிரி ஏதாவது போட்டு விடு,” என்றாள் ஹன்னா கெர்ஷா. கட்டிலில் செத்துக்கிடந்த மருமகள் லெட்டியைப் பார்க்காமல், இழுத்து மூடியிருந்த ஜன்னல் திரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

கெசியா ஹிண்டில் ஈரத்துணியைப் பிழிய மறந்து கையில் பிடித்திருந்தாள். வெந்நீர் முழங்கை வழியாக வழிந்து தரையில் சொட்டியது.

“கெர்ஷாம்மா, இது படியில விழுந்த காயமில்லை.”

“உன்னை யாரு கேட்டா?”

“நீங்களும் பாத்தீங்கதானே?”

“எனக்குக் கண்ணு மங்கிப் போச்சு. உனக்கும் மங்கிப்போனா உனக்கு நல்லது. நாளைக்குக் காலையில கரோனர் வர்றாரு. ஜூரிக்காரங்க இங்க வந்து பொணத்தைப் பாப்பாங்க. பன்னிரண்டு ஆம்பளைங்க வர்ற வீடு, அவங்க கண்ணுல கண்டதும் படக்கூடாது. சீக்கிரம் முடி.”

பிரெக்டன் என்ற ஆலை ஊரில் கால்வாய்க்கு இந்தப் பக்கம் இருந்த நாலு தெருவிலும், பிள்ளை பிறந்தாலும் சரி, ஆள் செத்தாலும் சரி, கெசியாவைத்தான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருஷமாக அதுதான் அவள் பிழைப்பு. புருஷன் நூலாலைக் கொதிகலன் வெடித்துச் செத்தபோது, மகள் பெர்தா கைக்குழந்தை. வருகிறவர்களைக் குளிப்பாட்டுகிற கையாலேயே போகிறவர்களையும் குளிப்பாட்டித்தான் அவளை வளர்த்தாள். எந்த வீட்டில் எந்த மெத்தை கிழிசல், எந்த வீட்டுப் பிள்ளைக்கு எந்த அப்பன் ஜாடை, எல்லாம் அவளுக்குத் தெரியும். எதையும் வெளியே சொன்னதில்லை. சொல்லாத வாய்க்காகத்தான் அவளுக்குக் கதவு திறந்தது.

லெட்டிக்கு வயது முப்பத்தொன்று. காலையில் ஆலைச் சங்கு ஊதுவதற்கு முன்னால் மாடிப்படியில் உருண்டு விழுந்து செத்துப்போனாள் என்று தெரு முழுக்கச் சொன்னார்கள். அவள் கழுத்தின் இடப்பக்கம் நாலு நீலத் தடம் இருந்தது, வலப்பக்கம் ஒன்று. நாலு விரலும் ஒரு கட்டைவிரலும் எங்கே பதிந்தன என்று பச்சைப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். சட்டையைக் கழற்றியபோது இன்னும் தெரிந்தது. விலாவில் பழுத்த மஞ்சள். முதுகில் கறுப்பு. இடுப்பெலும்புக்கு மேலே, முத்திரை குத்தினாற்போல, அரைவட்டமாக ஒரு தழும்பு. ஆலைக்காரர்கள் போடுகிற மரச்செருப்பின் அடியில் இரும்பு லாடம் அடித்திருப்பார்கள். அந்த லாடம்தான் அது.

கெசியா அதைப் பார்த்தாள். பிறகு கைகள் பழக்கப்படி தங்கள் வேலையைத் தாங்களே செய்தன. தாடையைக் கட்டினாள். கண் இமைமேல் காசு வைத்தாள். லெட்டி ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போட்டுப் போகும் வெள்ளைச் சட்டை, காது மடலைத் தொடும் லேஸ் கழுத்து வைத்தது, அதை மாட்டிப் பொத்தான் போட்டாள். தாடை ஓரத்தில் தெரிந்த கறுப்பின்மேல் கஞ்சிமாவைத் தொட்டுத் தடவினாள். கீழே கூடத்தில் அவள் புருஷன் ஜேபஸ் கெர்ஷா அழுதுகொண்டிருந்தான். பொய் அழுகை இல்லை; உண்மையாகவே குலுங்கிக் குலுங்கி அழுதான்.

“அழகா இருக்கா,” என்றாள் ஹன்னா, கடைசியில் திரும்பிப் பார்த்து. “உன் கை கைதான், கெசியா.”

அந்த வார்த்தை கெசியாவுக்குச் செருப்படி மாதிரி விழுந்தது.

வீட்டுக்கு வந்தவளால் உட்கார முடியவில்லை. கெட்டிலை அடுப்பில் வைத்தாள், கொதித்ததும் இறக்கி வைத்தாள், தேநீர் போடவில்லை. காலையில் கல்லால் தேய்த்து வெளுத்த வாசற்படியை மறுபடி மண்டியிட்டுத் தேய்த்தாள். கையை நாலு தரம் சோப்புப் போட்டுக் கழுவினாள். மாவின் நெடி போகவில்லை என்று தோன்றியது. சால்வையைப் போர்த்திக்கொண்டு கால்வாய் வரை நடந்துபோய், ஏன் வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வந்தாள்.

ஆறு மணிக்கு ஆலை விட்டு, பெர்தா தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசியோடு வந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே கதவைச் சாத்தினாள்.

“அம்மா, நீ எதையோ பாத்துட்டு வந்திருக்கே.”

கெசியா சொன்னாள். மகள் கேட்டுக்கொண்டே ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போட்டாளே தவிர, ஒரு துண்டும் வாயில் வைக்கவில்லை.

“சாட்சிக்கு உன்னைக் கூப்பிட்டாங்களா?”

“இல்லை. ஜேபஸ், அவன் அம்மா, டாக்டரு. அவ்வளவுதான்.”

“அப்போ கூப்பிடாத வீட்டுக்கு நீ எதுக்குப் போறே? அம்மா, அவன் என்னோட மேஸ்திரி. என் தறி நின்னா அவன் வந்து சரி பண்ணாத்தான் ஓடும். வரமாட்டேன்னு அவன் சும்மா பைப்பைப் புகைச்சுக்கிட்டு நின்னாப் போதும், எனக்கு அந்த வாரம் சோறில்லை.”

“தெரியும்.”

“உன் பிழைப்பும் போயிடும். வாயைத் திறந்தவளை எவன் வீட்டுக்குள்ள விடுவான்?”

“அதுவும் தெரியும்டி.”

“தெரிஞ்சும்?”

“அவ கழுத்தை மூடினவ நான்தானே, பெர்தா,” என்றாள் கெசியா. “அவன் செஞ்சதை நான்ல மறைச்சுட்டு வந்திருக்கேன்.”

மறுநாள் பத்து மணிக்கு, நெசவாளர் விடுதி என்ற மதுக்கடையின் மாடியில் விசாரணை கூடியது. கீழேயிருந்து பீர் வாசம் வந்துகொண்டிருந்தது. மேலே நீள மேசை, அதைச் சுற்றிப் பன்னிரண்டு ஜூரர்கள். எல்லோரும் தெரு ஆட்கள்தான்: ரொட்டிக்காரர், செருப்பு தைக்கிறவர், நிலக்கரி விற்கிறவர், ஆலைக் கணக்கப்பிள்ளை. தலைவராக மளிகைக்கடை பில்லிங் உட்கார்ந்திருந்தார். சிவந்த முகம், எடை குறையாமல் நிறுக்கிறவர் என்று நல்ல பெயர். அவர்களில் ஐந்து பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் ஜேபஸோடு ஒரே வரிசையில் நின்று பாடுகிறவர்கள்.

மரண விசாரணை அதிகாரியான கரோனர் லோமாக்ஸ் மாவட்டத் தலைநகரிலிருந்து ரயிலில் வந்திருந்தார். ஒல்லியான கிழவர், தீராத இருமல், வாயில் எப்போதும் ஒரு புதினா மிட்டாய்.

“நான் யார் மேலயும் குத்தம் சாட்ட வரலை,” என்று அவர் ஜூரர்களிடம் சொன்னார். “செத்தது யாரு, எங்க, எப்போ, எப்படி. இந்த நாலு கேள்விக்கு மட்டும் பதில் வேணும். நாலாவதுதான் கஷ்டம். அதை மட்டும் அவசரப்பட்டுச் சொல்லிடாதீங்க.”

சட்டப்படி முதலில் எல்லோரும் போய்ப் பிணத்தைப் பார்த்து வந்தார்கள். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, கெர்ஷா வீட்டில் பிணத்தைக் கீழே இறக்கி வைத்திருந்த முன்னறைக்குள் ஒரு கதவால் நுழைந்து மறு கதவால் வெளியேறினார்கள். வெள்ளைச் சட்டையும் லேஸ் கழுத்துமாக லெட்டி தூங்குவதுபோல் கிடந்தாள். “தேவதை மாதிரி இருக்கா, பாவம்,” என்றார் ரொட்டிக்காரர். பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது.

பிறகு ஜேபஸ் சாட்சி சொன்னான். இருட்டில் தண்ணீர் எடுக்க இறங்கினாள், பாவாடை தடுக்கியது, சத்தம் கேட்டு ஓடி வந்தேன். ஹன்னா சொன்னாள்: என் மகன் அவளைக் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொண்டான், ஞாயிற்றுக்கிழமை தானே தேநீர் போட்டுக் கட்டிலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பான். டாக்டர் சொன்னார்: பின்மண்டையில் அடி, கழுத்தெலும்பு முறிவு, செங்குத்தான படியில் விழுந்தால் வரக்கூடியதுதான்.

கடைசியில் கான்ஸ்டபிள் ஸ்டாட் எழுந்து, ஒவ்வொரு விசாரணையிலும் மனப்பாடமாகச் சொல்கிற வாக்கியத்தை ஒரே மூச்சில் சொன்னார். இறந்தவள் எப்படி இறந்தாள் என்பது பற்றி யாருக்காவது ஏதாவது தெரிந்தால் முன்வந்து சொல்லலாம், அவர்கள் சொல்வது கேட்கப்படும். அவர் சொல்லும்போதே சிலர் கிளம்புவதற்குத் தொப்பியைக் கையில் எடுத்துவிட்டார்கள். அந்த வாக்கியத்துக்கு யாரும் பதில் சொல்லி அந்த ஊரில் கேட்டதில்லை.

கதவோரம் பெண்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். ஜேபஸ் வேலைக்கு வராததால் அவன் பார்க்கும் தறிகளில் பாதி நின்றுவிட, பெர்தாவும் வந்திருந்தாள். தறிக்கூடத்து இரைச்சலில் காது கேட்காது. அங்கே வேலை செய்கிற பெண்கள் உதட்டை அசைத்தே ஊர்க்கதை முழுதும் பேசிக்கொள்வார்கள். பெர்தா எதிர்ச்சுவரிலிருந்து அம்மாவைப் பார்த்து உதட்டை அசைத்தாள். சத்தமில்லை. ‘வேண்டாம்மா.’

கெசியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“எனக்குத் தெரியும் ஐயா.”

அறையில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. லோமாக்ஸ் மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

“நீங்க யாரும்மா?”

“கெசியா ஹிண்டில். நான்தான் அவளைக் குளிப்பாட்டி உடுத்தினவ. நீங்க பாத்தது என் கைவேலையைத்தான் ஐயா. அவளை நீங்க பாக்கவே இல்லை.”

பைபிளில் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டு, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். நாலு தடம், ஒரு தடம், விலா, முதுகு, லாடம். எதையும் விடவில்லை. சொல்லி முடித்தபோது ஜேபஸின் முகம் சுவர்ச் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

லோமாக்ஸ் டாக்டரைப் பார்த்தார். “நீங்க சட்டையைக் கழற்றிப் பாத்தீங்களா?”

“வீட்டில் பெண்கள் இருந்தார்கள். மரியாதைக்காக...”

“பாக்கலை.”

“இல்லை.”

“அப்போ எல்லாரும் எழுந்திருங்க. மறுபடி போகலாம்.”

தெரு முழுதும் வாசலில் நிற்க, அவர்கள் மறுபடி போனார்கள். லோமாக்ஸ் சொல்ல, கெசியா குனிந்து லேஸ் கழுத்தின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். ஈரத்துணியால் மாவைத் துடைத்தாள். நாலும் ஒன்றும், நேற்றைவிட இன்று இன்னும் கறுத்து, தெளிவாகத் தெரிந்தன. பன்னிரண்டு பேரும் பார்த்தார்கள். செருப்பு தைக்கிறவர் தன் வலது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

“விழும்போது புடிக்கப் பாத்தேன் ஐயா!” என்றான் ஜேபஸ், வாசலிலிருந்து. “கைக்கு அகப்பட்டதைப் புடிச்சேன். கழுத்துதான் அகப்பட்டுச்சு.”

“சத்தம் கேட்டு ஓடி வந்தேன்னு சொன்னே.”

“பதட்டத்துல மாத்திச் சொல்லிட்டேன் ஐயா. பொண்டாட்டியைப் பறிகொடுத்தவன்.”

“சரி. இடுப்பையும் பாக்கணும்,” என்றார் லோமாக்ஸ்.

அப்போதுதான் பில்லிங் ஓரடி முன்னால் வந்தார். “மன்னிக்கணும் ஐயா. அது முறையில்லை. மானமா வாழ்ந்த பொம்பளை. பன்னிரண்டு ஆம்பளைங்க சுத்தி நின்னு அவ உடம்பைப் பாக்கறதா? எங்க வீட்டுப் பொம்பளைங்க முகத்துல நாங்க எப்படி முழிக்கிறது?”

“அதானே,” என்று பின்னாலிருந்து இரண்டு மூன்று குரல்கள் எழுந்தன.

லோமாக்ஸ் பெருமூச்சு விட்டார். மற்றவர்கள் எல்லோரும் வெளியே போக, டாக்டரும் கெசியாவும் மட்டும் பார்த்தார்கள். அறைக்கு வெளியே வந்து டாக்டர் சொன்னார்: தடங்கள் இருக்கின்றன, சில பழையவை, எப்படி வந்தன என்று சொல்ல முடியாது, முன்பும் அவள் எங்கேயாவது விழுந்திருக்கலாம்.

“லாடம் போட்ட படியிலயா விழுந்தா?” என்றாள் கெசியா. டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டார்.

மதுக்கடை மாடிக்குத் திரும்பியதும் லோமாக்ஸ் ஜூரர்களிடம் நீளமாகப் பேசினார். விபத்து என்று சொல்லுமுன் யோசியுங்கள். மனம் துணியாவிட்டால் காரணம் தெரியவில்லை என்றாவது சொல்லுங்கள், கதவு திறந்திருக்கும், போலீஸ் மேற்கொண்டு தேடலாம் என்றார். அவ்வளவு தெளிவாகச் சொன்னார். ஜூரர்கள் மூலையில் தலையோடு தலை சேர்த்து நின்று முணுமுணுத்தார்கள். பெண்கள் நின்ற இடத்துக்கு ஒன்றிரண்டு சொற்கள் விழுந்தன. “புருஷன் பொண்டாட்டின்னா நாலும் இருக்கும்...” “அடிக்கிற கைதானே அணைக்கும்?” “கெர்ஷா நல்ல மனுஷன்பா...” “இதைத் தோண்டினா எந்த வீடு தப்பும்?” கடைசியாகச் சொன்னது யார் என்று தெரியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு முணுமுணுப்பு நின்றுவிட்டது.

பில்லிங் தொண்டையைச் செருமினார். “எல்லாரும் ஒரே மனசா இருக்கோம் ஐயா. விபத்து. குடும்பத்துக்கு எங்க ஆழ்ந்த அனுதாபம். அந்தப் படிக்கு ஒரு கைப்பிடி போட்டா நல்லதுன்னும் சேத்து எழுதிக்குங்க.”

லோமாக்ஸ் எழுதினார். பேனா காகிதத்தைக் கிழிக்கிற மாதிரி அழுந்தியது.

கீழே இறங்கும்போது அவர் கெசியாவுக்காக நின்றார்.

“நீங்க சொன்னதை நான் நம்பறேன், ஹிண்டிலம்மா.”

“நம்பி என்ன ஐயா?”

“தீர்ப்பு அவங்களுது. நான் கேக்கலாம், காட்டலாம். அவங்க கையைப் புடிச்சு எழுத வைக்க முடியாது. இந்தத் தீர்ப்புக்கு மேல எந்த நீதிபதியும் வழக்கை எடுக்கமாட்டான்.” கொஞ்சம் இருமினார். “அந்தப் பழைய தழும்பை அவ உயிரோட இருக்கும்போது யாராவது பாத்திருந்தா... இன்ன தேதி பாத்தேன், இன்னார் அடிச்சான்னு அவளே சொன்னான்னு ஒரே ஒரு சாட்சி இருந்திருந்தா, நான் விட்டிருக்கமாட்டேன். நீங்க பாத்திருக்கீங்களா?”

“இல்லை ஐயா. உயிரோட இருக்கிறவ உடம்பை யாரு பாக்கறாங்க?”

லோமாக்ஸ் தொப்பியை லேசாகத் தூக்கிவிட்டு, ரயிலுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.

லெட்டியை அடக்கம் செய்தார்கள். பன்றித் தொடைக்கறி வெட்டி, கேக் வைத்து, தெருவே வியக்கும்படி சாப்பாடு போட்டான் ஜேபஸ். ஒரு மாதத்தில் கல்லறைமேல் பளிங்குக் கல் ஏறியது. ‘ஜேபஸ் கெர்ஷாவின் அன்பு மனைவி’ என்று அதில் வெட்டியிருந்தது.

கெசியாவின் கதவை யாரும் தட்டவில்லை. இரண்டு வீடு தள்ளி ரொட்டிக்காரர் மருமகளுக்கு வலி எடுத்தபோது, கால்வாய்க்கு அப்பாலிருந்து ஒருத்தியை வண்டி வைத்து அழைத்து வந்தார்கள். கெசியா தன் அடுப்படியில் நின்று சுவர் வழியாக அந்த அலறலைக் கேட்டாள். தலை திரும்பாத பிள்ளை என்று சத்தத்திலேயே அவளுக்குப் புரிந்தது. ஏப்ரனை எடுத்துக் கட்டினாள், அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள். விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் பிள்ளை அழுதது. அதுவரை அந்தச் சின்ன அறைக்குள் அவள் எத்தனை தரம் நடந்தாளோ.

பெர்தாவின் தறியில் வார் அறுந்தது. ஜேபஸ் வந்து பார்த்தான், பைப்பைப் பற்றவைத்தான், போனான். இரண்டு நாள் தறி நின்றது.

“என் தறிக்கிட்ட வந்து நின்னு சிரிக்கிறாம்மா,” என்றாள் பெர்தா. “நீ சொன்னது சரிதான். இல்லைங்கலை. ஆனா சரியைப் பிட்டுத் தின்ன முடியாது.”

“என் மேல கோவமா?”

“கோவந்தான்.” முடியிலிருந்த பஞ்சுத் தூசியைத் தட்டினாள். பிறகு, “ஆனா நீ முன்னால வந்து பேசினப்போ உன்னை விட்டுக் கண்ணை எடுக்க முடியலை. வடக்கு ஆலையில ஆள் எடுக்கறாங்களாம். போறேன். நடை ஜாஸ்தி, பரவாயில்லை,” என்றாள்.

நவம்பரில் ஒரு திங்கட்கிழமை, துணி வெளுக்கிற நாள். மழை விடாததால் வீட்டுக்குள்ளேயே கொடி கட்டித் துணி தொங்கிக்கொண்டிருந்தது. பின்கதவு தட்டப்பட்டது. கெசியா பாய்ந்து திறந்தாள். பிரசவம் என்றுதான் நினைத்தாள்.

மளிகைக்கடை பில்லிங்கின் மனைவி செலினா நின்றிருந்தாள். நல்ல தொப்பி, நல்ல கையுறை, கையில் கூடை. சந்துக்குள் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

“உக்காருங்க, பில்லிங்கம்மா.”

செலினா உட்காரவில்லை. கையுறையைக் கழற்றினாள். மணிக்கட்டுப் பொத்தானை அவிழ்த்து, சட்டைக் கையைத் தோள்வரை மேலே தள்ளினாள். மேற்கை முழுதும் ஊதாவும் பச்சையுமாக இருந்தது.

“பாருங்க,” என்றாள். “நல்லாப் பாருங்க. மறந்துடாதீங்க.”

“மருந்து வெச்சுக் கட்டட்டுமா?”

“மருந்துக்கு வரலை. மருந்து எங்க கடையிலயே இருக்கு.” அவள் குரல் கடைக்குரலாகவே இருந்தது, சர்க்கரை விலை சொல்கிற குரல். “அன்னைக்கு மாடிப்படியில கரோனர் உங்ககிட்ட சொன்னதை நான் கேட்டேன். கீழ்ப்படியில நின்னுட்டிருந்தேன். உயிரோட இருக்கும்போது பாத்த சாட்சி ஒண்ணு இருந்தாப் போதும்னாரே. எனக்கு அந்த ஒண்ணு வேணும், ஹிண்டிலம்மா. நான் என்னைக்காவது படியில விழுந்தா நீங்க வந்து சொல்லணும்.”

கெசியா அடுப்பைக் கிளறினாள். தொங்கிய துணியை விலக்கினாள். பிறகு மாடிக்கு ஏறிப்போய், பெர்தாவின் பழைய ஞாயிற்றுப்பள்ளி நோட்டையும் பென்சிலையும் எடுத்து வந்தாள்.

“எனக்கு எழுத்து அவ்வளவு வராது. மெதுவாச் சொல்லுங்க. என்னைக்கு?”

“சனிக்கிழமை. பதினாலாந் தேதி. சாயங்காலம், கடை கட்டினப்புறம்.”

“எதால?”

“பெட்டி திறக்கிற கம்பியால.”

“எதுக்கு அடிச்சாருன்னு எழுதவா?”

“எதுக்குன்னு எனக்கே தெரியாது. அதை விட்டுடுங்க.” செலினா சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டாள். “யாருன்னு மட்டும் எழுதுங்க. புருஷன்னு எழுதாதீங்க. புருஷன்னா யாரும் படிக்கமாட்டாங்க. ஜூரித் தலைவர்னு எழுதுங்க.”

கெசியா பென்சில் முனையை நாக்கில் தொட்டு, ஒவ்வோர் எழுத்தாக அப்படியே எழுதினாள்.

அடுத்த வாரம் இரண்டு பேர் வந்தார்கள். அதற்கடுத்த வாரம், ஜேபஸ் மேஸ்திரியாக நிற்கிற அதே தறிக்கூடத்திலிருந்து ஒருத்தி. அங்கே பெண்கள் உதட்டை அசைத்து உதட்டை அசைத்தே இந்தச் செய்தியை நூற்றுக்கணக்கான தறிகளைத் தாண்டிக் கொண்டுபோயிருந்தார்கள்; நடுவில் நின்ற ஆண்கள் ஒருவனுக்கும் ஒரு சொல்லும் கேட்கவில்லை. சிலர் காட்டிவிட்டு அழுதார்கள். சிலர் சிரித்தார்கள். ஒருத்தி பழைய முறிவைக் காட்டி, “இதுக்குத் தேதி ஞாபகமில்லை, பெரியவனுக்குப் பல்லு முளைச்ச வருஷம்னு போடுங்க,” என்றாள். ஜேபஸுக்கு மறுகல்யாணம் பேசப் போன இரண்டு வீட்டிலும், பெண்ணின் தாய்மார் மரியாதையாகத் தேநீர் கொடுத்து, பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்று அனுப்பிவிட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் நிலக்கரிக்காரர் மனைவிக்கு வலி எடுத்தபோது, கால்வாய்க்கு அப்பால் ஆளனுப்பப் போன புருஷனிடம் அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாளாம்: “ஹிண்டிலம்மா வரணும். இல்லேன்னா நீயே கையை விட்டு எடு!” அந்த ஆள் மழையில் ஓடி வந்து கெசியாவின் கதவைத் தட்டினான். ஜூரியில் அவனும் ஒருத்தன்தான். முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்து அழைத்தான். கெசியா போனாள்.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை கெசியா பில்லிங் கடைக்குத் தேயிலை வாங்கப் போனாள். சம்பள நாள், பெண்கள் ஆறேழு பேர் கூடையோடு நின்றிருந்தார்கள். செலினா பாலாடைக்கட்டி மேசையருகே நின்றிருந்தாள். பில்லிங் தேயிலையைத் தட்டில் கொட்டி நிறுத்தபடி, எல்லோரும் கேட்கும்படி நயமாகக் கேட்டார்.

“ஹிண்டிலம்மா, தெருப் பொம்பளைங்க எல்லாம் பின்கதவு வழியா உங்க வீட்டுக்கு வர்றாங்களாமே? எங்க வீட்டுக்காரியும் வர்றாளாம். என்ன, புதுசா ஏதாவது பிரார்த்தனைக் கூட்டமா?”

கெசியா செலினாவைப் பார்த்தாள். செலினா மெல்லத் தலையசைத்தாள். சொல்லுங்க.

“இல்லைங்க. அன்னைக்கு நீங்க கண்ணால பாத்தும் உங்களுக்குச் சாட்சி பத்தலையே. அதான், சேத்துக்கிட்டிருக்கோம். நோட்டுப் போட்டு, தேதி போட்டு.”

தராசுத் தட்டு ஆடிக்கொண்டே இருந்தது. பில்லிங் அதைப் பிடித்து நிறுத்தவில்லை. கழுத்திலிருந்து காதுவரை சிவப்பு ஏறிற்று. வாயைத் திறந்தார், வரிசையில் நின்ற பெண்களைப் பார்த்தார், ஒருத்தியும் கண்ணைத் தாழ்த்தவில்லை.

“அடுத்தது யாரு?” என்றாள் செலினா. “பாலாடைக்கட்டியா? எவ்வளவு வேணும்?”

கேட்டபடியே இரண்டு கைப் பொத்தானையும் அவிழ்த்து, சட்டைக் கைகளை முழங்கைக்கு மேலே, இன்னும் மேலே, புதிய ஊதாத் தடங்கள் தெரியும்வரை சுருட்டிவிட்டாள். கடை விளக்கின் நேர் கீழே நின்று, அறுக்கும் கம்பியை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து, கட்டியை நிதானமாக அறுக்கத் தொடங்கினாள்.